வேலியில் இரண்டு கள்ளி

மதுரைக்குத் தெற்கே மானாவாரிக் காடுகளின் ஓரமாக நடந்தால், ஒரே வேலியில் இரண்டு கள்ளிகள் நிற்பதைப் பார்க்கலாம். ஒன்று சதுரக்கள்ளி. பட்டை பட்டையான தண்டு, ஓரங்களில் முள், ஆள் உயரத்தைத் தாண்டி வளரும். மற்றது சப்பாத்திக்கள்ளி. சுட்ட சப்பாத்திகளை ஒன்றின் தலையில் ஒன்றாக ஒட்டி நிறுத்தியதுபோல இருக்கும். இரண்டுக்கும் இலை என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. இரண்டும் தண்டில் தண்ணீர் சேர்த்து வைப்பவை. ஊர் இரண்டுக்கும் ஒரே பெயர்தான் வைத்திருக்கிறது. அண்ணன் தம்பி என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

ஒரு குச்சியால் கீறிப் பாருங்கள், கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொண்டு. சதுரக்கள்ளியில் வெள்ளைப் பால் பொங்கும். சப்பாத்திக்கள்ளியில் கற்றாழைச் சோறு போல வழவழவென்று நீர்தான் கசியும். பால் வருகிற கள்ளி ஆமணக்குக் குடும்பம். மரவள்ளியும் ரப்பரும் அதற்குப் பங்காளிகள். சங்கப் பாடல்களில் வரும் கள்ளி இந்தப் பால்கள்ளிதான், ஏனென்றால் மற்றது அப்போது இந்த நாட்டிலேயே இல்லை. சப்பாத்திக்கள்ளிக்குச் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். இங்கே அது கப்பலேறி வந்தது. அந்த இனத்துக் கள்ளியில் வாழும் ஒரு பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுக்கலாம் என்று, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளிக்கென்றே ஒரு தோட்டம் போட்டார். சாயத் தொழில் வேர் பிடிக்கவில்லை. கள்ளி பிடித்துக்கொண்டது.

இங்கேதான் கேள்வி. வந்த கள்ளி இவ்வளவு செழிப்பாக வளர்ந்ததென்றால், இந்த மண்ணும் வெயிலும் அதற்கு எப்போதுமே பொருத்தமாக இருந்திருக்கின்றன. பிறகு ஏன் அது தானாக வரவில்லை? பள்ளிக்கூடத்தில் "ஒரு செடி எங்கே வளரும்?" என்று கேட்டால் மண், மழை, வெயில் என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கினோம். அந்த விடைக்குப் பாதி மதிப்பெண்தான் கொடுத்திருக்க வேண்டும். செடிக்கு ஓர் இடம் தோதாக இருந்தால் மட்டும் போதாது. அதன் விதை அங்கே வந்து சேர வேண்டும். முளைக்கும் நேரம் வரும்வரை உயிரோடு கிடக்க வேண்டும். முளைத்த பிறகு, பாட்டன் பூட்டனிடமிருந்து கிடைத்த உடம்பு அந்த இடத்தின் கஷ்டங்களைத் தாங்க வேண்டும். மண், மழை, வெயில் பற்றி ஏற்கெனவே நிறையப் படித்திருக்கிறீர்கள். விதையைப் பற்றியும் பாட்டன் பூட்டனைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன்.

கட்டுச்சோறு

ஒரு குட்டிச் செடியும், அது தன் காலில் நிற்கும்வரை சாப்பிடுவதற்கான கட்டுச்சோறும் சேர்ந்த பொட்டலத்துக்குத்தான் விதை என்று பெயர். நாம் உண்ணும் அரிசி, பருப்பு, தேங்காய் எல்லாம் இன்னொருவர் தம் பிள்ளைக்குக் கட்டி வைத்த சோறு. தாய்ச்செடியிடம் இருக்கும் சரக்கோ அளவானது. அதைக் கொண்டு பெரிய பொட்டலமாக நாலைந்து கட்டலாம். பொடிப் பொடியாக ஆயிரக்கணக்கில் கட்டலாம். எதைச் செய்கிறது என்பதைப் பொறுத்தே பிள்ளைகள் எங்கே குடியேறும் என்பது பெரிதும் தீர்மானமாகிறது.

ஒரு கோடியில் ஆர்க்கிட் செடிகள். ஒரே காயில் லட்சக்கணக்கான விதைகள், ஒவ்வொன்றும் தூசு. காற்று எங்கே வேண்டுமானாலும் கொண்டு போகும். ஆனால் சோறே கட்டிக் கொடுக்கவில்லை. விழுந்த இடத்தில் அதற்கேற்ற பூஞ்சை இருந்து ஊட்டிவிட்டால்தான் பிழைக்கும். மறுகோடியில் செஷல்ஸ் தீவுகளின் கடல் தேங்காய். இரட்டைத் தேங்காய் என்றும் சொல்வார்கள். உலகத்திலேயே பெரிய விதை அதுதான். 15 கிலோவைத் தாண்டுவதும் உண்டு. அந்த மரம் இயற்கையாக வளர்வது பிராலின், கியூரியஸ் என்ற இரண்டே இரண்டு தீவுகளில். நம் தேங்காய் போல மிதந்து போகக் கூடாதா என்றால், முடியாது. உயிருள்ள காய் கனத்தால் மூழ்கிவிடும். உள்ளே அழுகி வெறும் கூடான பிறகுதான் மிதக்கும். அப்படி மிதந்து மாலத்தீவிலும் இந்தியக் கரைகளிலும் ஒதுங்கிய ஓடுகளைத்தான் பக்கிரிகள் கப்பரையாக ஏந்தினார்கள். காய் மட்டும் வருகிறது, மரத்தைக் காணோம் என்பதால், அது கடலுக்கடியில் காய்க்கிறது என்று வெகுகாலம் நம்பினார்கள். கடலைக் கடக்கவே தெரியாத விதைக்குக் கடல் தேங்காய் என்று பெயர் நிலைத்த கதை இது.

இந்த இரண்டு கோடிகளுக்கும் நடுவில்தான் நாம் அன்றாடம் பார்க்கும் செடிகள். எருக்கங்காய் வெடித்தால் ஒவ்வொரு விதையும் வெள்ளைப் பட்டுக் குஞ்சத்தோடு பறக்கும். லேசான விதை, கொஞ்சம் சோறு. நிழலுக்குள் விழுந்தால் சோறு தீர்வதற்குள் வெளிச்சத்தை எட்ட முடியாது. அதனால் எருக்கு நிற்பதெல்லாம் தரிசு, தண்டவாள ஓரம், இடிந்த வீட்டின் திண்ணை, சுடுகாடு. ஆகாத இடத்துச் செடி என்று அதற்கு ஒரு கெட்ட பெயர். உண்மையில், வேறு யாரும் நிழல் போடாத இடத்தைத் தேடிப் பிடிக்கிற செடி. பலாக்கொட்டை நேர் எதிர். தாய்மரத்தின் காலடியிலேயே விழும். ஆனால் காட்டின் அரையிருட்டில், சருகு மெத்தைக்கு அடியில் விழுந்தாலும், பெரிய பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டே உயர்ந்து நிற்கும்.

ஆலமரம் இந்தக் கணக்கை ஏமாற்றிய ஆசாமி. விதையோ கடுகைவிடச் சிறியது. காட்டுத் தரையில் விழுந்தால் கதை முடிந்தது. அது தரைக்கே வருவதில்லை. பறவை எச்சத்தோடு பனைமரத்து மட்டை இடுக்கிலும் கோபுரத்துச் செங்கல் விரிசலிலும் போய் உட்கார்ந்து, வெளிச்சத்திலேயே பிறந்து, வேரைக் கீழே இறக்குகிறது. கோயில் விமானத்தில் ஆல் முளைத்திருப்பதைப் பார்த்தால் திருப்பணிக் குழுவின் அலட்சியம் தெரியும். கூடவே அந்த விதையின் எடையும் தெரியும்.

ஏறிக்கொள்ள இடம் கொடுத்த அந்தப் பனையையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். பனங்கொட்டையை மண்ணில் போட்டால் முளை மேலே வராது, கீழே போகும். கொட்டையிலிருந்து ஒரு குழாய் கிளம்பி நேராகப் பூமிக்குள் இறங்கும். குட்டிப் பனையின் உயிர்முனை அந்தக் குழாயின் நுனியில் உட்கார்ந்தபடி ஆழத்துக்குப் போகிறது. போய்ச் சேர்ந்த பிறகு, கொட்டைக்குள் இருந்த சோறு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து அந்தக் குழாய் வழியே இறங்கி, கீழே மாவாகத் திரள்கிறது. பொங்கல் சமயத்தில் அவித்து, நாரை உரித்து, நடுத்தண்டைத் தனியே எடுத்துவிட்டுத் தின்கிறோமே, அந்தப் பனங்கிழங்கு இதுதான். கிழங்கைப் பிடுங்கிய பின் கொட்டையை இரண்டாக வெட்டினால் உள்ளே வெள்ளையாக, பஞ்சு போல, லேசான இனிப்போடு ஒன்று இருக்கும். யாழ்ப்பாணத்தில் அதைப் பூரான் என்பார்கள்; இங்கே தவுன். கெட்டியான சோற்றைக் கரைத்துக் கீழே அனுப்பும் உறுப்பு அது. கிழங்குக்காகப் பனங்கொட்டை போடுகிறவர்கள் மணலை மேடாகக் குவித்துப் பாத்தி கட்டுவது ஏன் என்று இப்போது விளங்கும். சமதரையில் போட்டால் கிழங்கைத் தேடிக் குழி தோண்ட வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு? தேரி மணலில் சித்திரை மாதம் செருப்பில்லாமல் நடந்து பாருங்கள். மேல் மண் அடுப்பாகக் கொதிக்கும். ஆடு வந்து மேயும், சருகில் தீப்பிடிக்கும். இது எதுவும் முழங்கை ஆழத்தில் இருக்கும் உயிர்முனையைத் தொடாது. அங்கே ஈரமும் கொஞ்சம் மிச்சமிருக்கும். ராமநாதபுரத்திலும் தூத்துக்குடியிலும் வேறு மரம் நிற்கத் தயங்கும் இடத்தில் பனை வரிசையாக நிற்கிறதென்றால், அதன் காரணத்தை நாம் ஒவ்வொரு தை மாதமும் மென்று தின்றுகொண்டிருக்கிறோம்.

காயப் பொறுக்காதவை

சில ஆண்டுகளுக்கு முன் நல்ல நாவல் பழம் கிடைத்தது. கொட்டைகளைக் கழுவி, மொட்டை மாடியில் ஒரு வாரம் காயவைத்து, டப்பாவில் போட்டு மூடி வைத்தேன். ஐப்பசி மழைக்கு நடலாம் என்று எண்ணம். இருபது கொட்டை நட்டதில் ஒன்றுகூட வரவில்லை. அதே மழைக்கு, இரண்டு வருடம் மேசை இழுப்பறையில் ஒரு கடித உறைக்குள் கிடந்த சரக்கொன்றை விதைகளைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துப் போட்டேன். பாதிக்கு மேல் முளைத்தன. நாற்றுப் பண்ணைப் பெரியவரிடம் புலம்பியபோது சிரித்துவிட்டார். "நாவலைப் போய்க் காயவைத்தீர்களா தம்பி? தின்று துப்பிய ஈரம் காய்வதற்குள் மண்ணுக்குள் போட வேண்டாமா!"

அவர் சொன்னதற்கு அறிவியலில் ஒரு பெயர் இருக்கிறது. நெல், உளுந்து, கேழ்வரகு போன்றவற்றைக் கலகலவென்று காயவைத்தால் உயிர் உறங்கிப் போகும், வருடக்கணக்கில் வைத்திருக்கலாம். செம்மண் பூசியும் சாம்பலில் புரட்டியும் விதைகளைக் காத்த நம் பாட்டிமார்களின் வழக்கம் இந்தக் குணத்தை நம்பித்தான். மா, பலா, நாவல், ரப்பர், கொக்கோ போன்றவற்றைக் காயவைத்தால் உயிரே போய்விடும். 1973இல் எரிக் ராபர்ட்ஸ் என்ற விதை ஆய்வாளர் இந்த இரண்டு வகைகளையும் பிரித்துப் பெயரிட்டார். காயப் பொறுக்காத விதைகளுக்கு "முரண்டு பிடிப்பவை" என்ற பொருளில் ஒரு பெயர். சேமித்து வைக்க விரும்புகிற மனிதனின் எரிச்சல் அந்தப் பெயரில் தெரிகிறது. விதையின் பக்கம் நின்று பார்த்தால் முரண்டு ஒன்றுமில்லை. வருடம் முழுவதும் மழை பெய்யும் காட்டில் விழுகிற விதை எதற்காகக் காத்திருக்க வேண்டும்? விழுந்த அன்றே முளைக்கத் தொடங்கிவிட்டால், கடித்துத் தின்னக் காத்திருக்கும் எலிக்கும் வண்டுக்கும் கிடைக்கும் அவகாசம் குறையும். விதைத் தாவரங்களில் ஏறத்தாழ 8 சதவீதம் இப்படிப்பட்டவை என்று ஒரு மதிப்பீடு உண்டு. ஈரமான வெப்பமண்டலக் காடுகளில் மட்டும் எடுத்துப் பார்த்தால் பங்கு இன்னும் கூடும்.

இந்தக் குணம் எவ்வளவு பொல்லாதது என்று ரப்பரைக் கேட்டால் தெரியும். 1876இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலின் அமேசான் பகுதியிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளைக் காட்டு வாழையிலைகளுக்கு நடுவே வைத்துக் கூடைகளில் அடுக்கி, அவசர அவசரமாகக் கப்பலேற்றினார். லண்டனுக்கு அருகே கியூ தாவரவியல் தோட்டத்தில் விதைத்தபோது முளைத்தவை சுமார் 2,700தான். நூற்றுக்கு நான்குகூட இல்லை. பிழைத்தவற்றில் 1,900 சொச்சம் நாற்றுகள் அதே ஆண்டில் கண்ணாடிப் பெட்டிகளில் வைக்கப்பட்டு இலங்கைக்கு வந்தன. விதையாக அனுப்ப யாருக்கும் தைரியம் இல்லை. ஆசியத் தோட்டங்களின் ரப்பரில் பெரும்பகுதி அந்த நாற்றுகளின் வழிவந்தது. மலாயாவில் நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டிய மரங்களும் அந்த வம்சம்தான்.

வறண்ட நிலத்துச் செடிகள் இதற்கு மாறாக, காத்திருப்பதையே தொழிலாகக் கொண்டவை. கருவேலம், கொன்றை விதைகளின் தோல் தண்ணீரையே உள்ளே விடாது. வெயிலில் வெந்து, ஆட்டின் குடலில் ஊறி, மண்ணில் உரசி, தோல் பழுதான பிறகுதான் ஈரம் உள்ளே புகும். ஒரே மழையை நம்பி எல்லா விதையும் முளைத்து, அடுத்த மாதம் மழை பொய்த்து எல்லாம் கருகிப் போவதைவிட, கொஞ்சம் இந்த வருடம், கொஞ்சம் மறுவருடம் என்று முளைப்பது புத்திசாலித்தனம். சீட்டுக் கம்பெனியில் மொத்தப் பணத்தையும் போடாத குடும்பஸ்தன் மாதிரி. குளிர்நாட்டு ஆப்பிள் விதைக்கு இன்னொரு விதமான பூட்டு. ஒரு குளிர்காலத்தைக் கடந்துவிட்டோம் என்று அதற்குத் தோன்ற வேண்டும். ஈரமணலில் பொதிந்து இரண்டு மூன்று மாதம் ஃபிரிட்ஜில் வைத்து அதை ஏமாற்றலாம். பொறுமையின் எல்லையைப் பார்க்க வேண்டுமென்றால் இஸ்ரேலின் மசாடா கோட்டைக்குப் போக வேண்டும். அங்கே அகழாய்வில் கிடைத்த, ஏறத்தாழ 2,000 ஆண்டு பழமையான பேரீச்சங்கொட்டை ஒன்றை 2005இல் நட்டார்கள், முளைத்து மரமாகிவிட்டது.

ஒரு சந்தேகம் வரலாம். நாவலும் மாவும் காயப் பொறுக்காதவை என்றால், ஏழெட்டு மாதம் காய்ந்து கிடக்கும் நம் சமவெளியில் எப்படி இருக்கின்றன? அவை பழுக்கும் மாதங்களைக் கவனியுங்கள். நாவல் ஆனி, ஆடியில் உதிரும். ஆற்றோரத்திலும் கண்மாய்க் கரையிலும் நிற்கும். விதைக்குப் பொறுமை இல்லையென்றால், மழையை ஒட்டி உதிர்க்கும் சாமர்த்தியம் மரத்துக்கு இருக்க வேண்டும். அல்லது ஈரம் மாறாத இடத்தில் நிற்க வேண்டும். நாவல் இரண்டையும் செய்கிறது. நான் ஒருவன்தான் குறுக்கே புகுந்து மாடியில் காயவைத்தேன்.

சாம்பல் தீவு

விதைக்கு இவ்வளவு அதிகாரம் உண்டா என்று சோதிக்க வேண்டுமானால், ஒரு காட்டை முழுதாக அழித்துவிட்டு, யார் முதலில் திரும்பி வருகிறார்கள் என்று உட்கார்ந்து பார்க்க வேண்டும். மனிதன் செய்யத் துணியாத அந்தச் சோதனையை 1883 ஆகஸ்டில் ஓர் எரிமலை செய்தது. ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் இடையிலிருக்கும் கிரகடோவா வெடித்து, தீவின் பெரும்பகுதி கடலுக்குள் போனது. மிஞ்சிய பகுதி கொதிக்கும் சாம்பலுக்கும் நுரைக்கல்லுக்கும் அடியில் பல மீட்டர் ஆழத்தில் புதைந்தது. ஒரு புல்கூடத் தப்பவில்லை என்றே பெரும்பாலானோர் கருதுகிறார்கள். பெரிய தீவுகளின் கரை ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தள்ளி.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1886இல், மெல்கியோர் ட்ரூப் என்ற தாவரவியலாளர் அங்கே இறங்கிப் பார்த்தபோது 11 வகைப் பெரணிகளும் 15 வகைப் பூக்கும் தாவரங்களும் இருந்தன. தீவின் உட்பகுதி பெரணிகளின் ராஜ்ஜியம். பெரணிக்கு விதையே இல்லை; அதற்குப் பதில் அது உதிர்க்கும் வித்துத்தூள் தூசியிலும் தூசி. காற்று முதலில் தூக்கி வருவது அதைத்தான். 1897இல் போனவர்கள் பார்த்தது வேறு காட்சி. உள்ளே நாணல் இனப் புல்வெளி. அதன் விதைக்கும் பஞ்சுக் குஞ்சம் உண்டு. கடற்கரை மணலிலோ நமக்கு நன்றாகத் தெரிந்த ஒருவர் படர்ந்திருந்தார்: அடம்பங்கொடி. ஆட்டுக் குளம்பு போல இலை பிளந்த, கத்தரிப்பூ நிறத்தில் பூக்கிற அதே கொடிதான். நெய்தல் பாடல்களில் அடும்பு என்று வருவது. ராமேசுவரத்து மணலிலும் கிரகடோவாவிலும் ஒரே கொடி நிற்கக் காரணம், அதன் விதைகள் உப்புநீரில் மாதக்கணக்கில் மிதந்தும் உயிர் விடாதவை.

உப்புநீரில் விதை பிழைக்குமா என்பதை கிரகடோவாவுக்கு ஏறத்தாழ முப்பது வருடம் முன்பே சார்லஸ் டார்வின் தன் வீட்டில் சோதித்துப் பார்த்திருந்தார். 87 வகை விதைகளை உப்புநீரில் 28 நாள் ஊறப் போட்டார். 64 வகை முளைத்தன. உற்சாகம் சீக்கிரமே வடிந்தது, ஏனென்றால் முளைத்தவற்றில் பல மிதக்காமல் மூழ்கிவிட்டிருந்தன. விடாமல் வேறு வழிகளைத் தேடினார். ஒரு குட்டையின் சேற்றில் மூன்று கரண்டி அள்ளிவந்து ஆறு மாதம் தன் அறையில் வைத்து, முளைத்த ஒவ்வொன்றையும் பிடுங்கிப் பிடுங்கி எண்ணினார்: 537 செடிகள். நீர்ப்பறவையின் காலில் ஒட்டிய சேறு போதும், ஒரு குளம் இன்னொரு குளத்துக்குக் குடிபோக.

கிரகடோவாவில் காற்றின் முறையும் கடலின் முறையும் முடிந்த பிறகு வந்தது பறவை, வௌவால்களின் முறை. புல்வெளிக்கு நடுவே எங்கோ நின்ற ஒரு மரத்தில் வந்தமர்ந்து எச்சமிட்டதில் அத்தி, ஆல் இனத்து மரங்கள் முளைத்தன. அவற்றின் பழத்துக்கு மேலும் பறவைகள் வந்தன. ஐம்பது ஆண்டுக்குள் புல்வெளியின் இடத்தை மரங்கள் பிடித்தன. இன்று தூரத்திலிருந்து பார்த்தால் பசுமையான காடுதான். ஆனால் எதிர்க்கரைக் காடுகளில் மற்ற மரங்களுக்கு மேலே தலைநீட்டி நிற்கும் குங்கிலியக் குடும்பத்துப் பெருமரங்களின் காடு அங்கே இல்லை. அவற்றின் காய்க்கு இறகு உண்டு; ஆனால் காய் கனம், சுழன்று சுழன்று தாய்மரத்துக்குப் பக்கத்திலேயே இறங்கிவிடும். உப்புநீர் ஆகாது, பறவை விழுங்காது, சில வாரங்களுக்கு மேல் உயிரும் தாங்காது. அவற்றுக்கு 40 கிலோமீட்டர் கடலும் ஒன்றுதான், நாலாயிரம் கிலோமீட்டர் கடலும் ஒன்றுதான்.

பாட்டன் சொத்து

அப்படியானால் அதே குங்கிலியக் குடும்பம் மேற்குத்தொடர்ச்சி மலையிலும் இலங்கையின் சிங்கராஜாவிலும் போர்னியோவிலும் எப்படி இருக்கிறது? நடுவே வங்காள விரிகுடா கிடக்கிறதே?

விதை கடலைக் கடக்கவில்லை, நிலம் கடந்தது. இந்தியா ஒரு காலத்தில் ஆப்பிரிக்கா, மடகாஸ்கர் பக்கம் ஒட்டியிருந்து, பிரிந்து, தனித் தீவாக வடக்கே நகர்ந்து ஆசியாவின் மேல் மோதியது. குஜராத்தின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் ஏறத்தாழ 5 கோடி ஆண்டு பழமையான அம்பர் கிடைத்திருக்கிறது. மரப்பிசின் இறுகிக் கல்லானதுதான் அம்பர். அது குங்கிலியக் குடும்பத்துப் பிசின். அதாவது தென்கிழக்கு ஆசியாவின் புகழ்பெற்ற அந்தப் பெருமரங்களின் முன்னோர்கள் இந்தியா என்ற மரக்கலத்தில் ஏறி வந்து இறங்கியவர்கள் என்பது இன்று பலரும் ஏற்கும் விளக்கம். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது அந்த முரண்தான். கண்டத்தோடு சேர்ந்து சமுத்திரத்தைக் கடந்த குடும்பம், நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் ஜாவாக் கரைக்கு எதிரேயிருக்கும் தீவில் காடு போட முடியவில்லை.

ஒரு செடியின் பாட்டன் பூட்டன் விட்டுச்செல்வது இருப்பிடம் மட்டுமல்ல, உடம்பின் அமைப்பும்கூட. தென்னைக்குக் குருத்து ஒன்றுதான் என்பது தோப்பு வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். காண்டாமிருக வண்டு குருத்துக்குள் புகுந்தால் வயிற்றைக் கலக்குவது அதனால்தான். வேம்பை வெட்டினால் பக்கத்தில் தழையும். பனைக்குடும்பத்து மரங்களில் பெரும்பாலானவற்றில் குருத்து போனால் மரம் போயிற்று. உறைபனி விழும் நாட்டில் அந்த ஒற்றைக் குருத்து விறைத்தாலே ஆயுள் முடிந்தது. இலையை உதிர்த்துவிட்டுக் குளிர்காலம் முழுக்க உறங்கவும் அந்தக் குடும்பத்துக்குத் தெரியாது. உலகில் ஏறத்தாழ 2,500 வகைப் பனைக்குடும்பத்து மரங்கள் இருந்தும், மிகச் சிலவற்றைத் தவிர எல்லாமே வெப்பநாடுகளோடு நின்றுவிட்டன. பரிணாமத்தில் எதுவும் மாறலாம் என்பது உண்மைதான். ஆனால் ஒரு குடும்பத்தின் அடிப்படைக் கட்டுமானம் மாறுவது அரிது. பெரும்பாலான செடிகள் பாட்டன் வாழ்ந்த மாதிரியான இடத்தையே தேடிக்கொண்டு போகின்றன.

கண்டம் விட்டுக் கண்டம் வந்தாலும் அப்படித்தான். சீமைக்கருவேல் அமெரிக்காவின் வறண்ட நிலத்து மரம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் நெருங்கிய பங்காளி ஒன்று ஏற்கெனவே இங்கே கோயில் மரமாக நின்றுகொண்டிருந்தது: வன்னி. இந்த வறட்சியில் அந்தக் குடும்பத்தால் வாழ முடியும் என்பதற்கு வன்னியே சாட்சி. ஆகவே வம்சம் தோது. விதையும் தோது: இனிப்பான நெற்று, ஆடு மாடு விரும்பித் தின்னும், கெட்டித்தோல் விதை குடலைத் தாண்டி எருவோடு வெளியே வந்து விழும், மழை வரும்வரை கிடக்கும். இல்லாதது கப்பல் மட்டும். அதை நாம் கொடுத்தோம். வேலிக்கும் விறகுக்கும் என்று வளர்த்த மரம் கடைசியில் கண்மாய்க்குள்ளேயே வேலி போட்டு உட்கார்ந்துவிட்டது.

சரி, நம் இரண்டு கள்ளிகளுக்குத் திரும்பலாம். தென்னமெரிக்காவும் ஆப்பிரிக்காவும் பிரிந்து ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகள் ஆகின்றன. சப்பாத்திக்கள்ளியின் குடும்பம் தோன்றியது அதற்கெல்லாம் வெகுகாலம் பிறகு, ஏறத்தாழ மூன்று, மூன்றரை கோடி ஆண்டுகளுக்கு முன்பு, அமெரிக்கக் கண்டத்தில். நடந்து வர நிலம் இல்லை. அதன் பழத்தைத் தின்று விதையைக் கொண்டுபோகும் விலங்குகளும் பறவைகளும் அந்தக் கண்டத்தோடு நின்றவை. இந்தப் பக்கத்து வறண்ட நிலங்களில் அதே தேவை இருந்தது. அந்தத் தேவைக்கு ஆமணக்குக் குடும்பத்தில் ஒரு கிளை தானாகவே இலையைச் சுருக்கி, தண்டைப் பருக்கவைத்து, முள்ளை வளர்த்துக்கொண்டது. உடம்பு கள்ளி, விதையோ இன்னும் ஆமணக்கு. சதுரக்கள்ளியின் காயைப் பார்த்தால் தெரியும்: ஆமணக்கு முத்தைச் சுமக்கும் அதே மூன்று அறைக் காய், சின்ன அளவில். காய்ந்ததும் அதுவும் படீரென்று வெடித்து விதையைத் தெறிக்கவிடும். தெறிக்கும் தூரம் சில அடிதான்.

அமெரிக்கக் கள்ளிக் குடும்பத்தில் ஏறத்தாழ 1,500 வகைகள் உண்டு. அவற்றில் ஒன்றே ஒன்று மட்டும் மனிதன் கொண்டுவராமலே இந்தப் பக்கம் இருக்கிறது: ரிப்சாலிஸ். ஆப்பிரிக்காவில், மடகாஸ்கரில், பிறகு இலங்கையின் காடுகளில். பறவைதான் அட்லாண்டிக்கைத் தாண்டிக் கொண்டுவந்தது என்று பலர் சொல்கிறார்கள். பழைய மாலுமிகள் தெரியாமல் கொண்டுவந்திருக்கலாம் என்போரும் உண்டு. பார்த்தால் யாரும் கள்ளி என்று சொல்லமாட்டார்கள். வளர்ந்த கொடியில் முள் கிடையாது. பென்சில் கனத்தில் பச்சைத் தண்டுகள் மரக்கிளையிலிருந்து சடைசடையாகத் தொங்கும். அங்கங்கே முத்துப்போல வெள்ளைப் பழம். ஒன்றைக் கிள்ளி நசுக்கினால் உள்ளிருந்து கருப்பு விதைகள் பசையோடு வந்து விரலில் ஒட்டிக்கொள்ளும். உதறினால் போகாது. பக்கத்து மரப்பட்டையில் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.